ஆர்டர் எங்கே போகிறது? கிருஷ்ணகிரியில் புரோக்கிங் அலுவலகம் தொடங்க நினைப்பவருக்கு

"அண்ணா, எந்த ஆப் நல்லா இருக்கும்?"

பங்குச்சந்தை புரோக்கிங் தொழிலுக்கு வர நினைத்து என் அலுவலகப் படியேறுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். காவேரிப்பட்டணத்து மண்டிக்காரரும் இதைத்தான் கேட்டார், பாலக்கோட்டிலிருந்து வந்த பி.காம். பையனும் இதைத்தான் கேட்டான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "உங்க கஸ்டமர் 'பை' அமுக்கினதும் அந்த ஆர்டர் எங்க போகுது? அவருக்கு எதிர்ப்பக்கம் நின்னு விக்கிறது யாரு?" பெரும்பாலும் பதில் வராது.

இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பிளாட்பாரம், இன்டகிரேஷன், லிக்விடிட்டி என்று விற்பனைக்கு வருகிறவர்கள் சொல்லும் வார்த்தைகளில் பாதி தானாகவே புரிந்துவிடும். மீதிப் பாதி வெறும் அலங்காரம். கீழே எழுதியிருப்பதை வரிசையாகச் செய்துகொண்டு வாருங்கள்.

எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறீர்கள்

நம் ஊர் அளவில் இரண்டு வாசல்கள்தான் உண்டு. ஒன்று, ஏற்கெனவே இருக்கும் ஒரு புரோக்கரிடம் 'ஆதரைஸ்டு பர்சன்' ஆவது. எல்லாரும் ஏபி என்று சுருக்கிச் சொல்வோம். இரண்டு, நீங்களே எக்ஸ்சேஞ்ச் என்கிற பங்குச்சந்தையில் உறுப்பினராகி, சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு வாங்கி, முழு புரோக்கராக நிற்பது.

பழைய ஆட்கள் இன்னும் 'சப் புரோக்கர்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பிரிவை 2018 இல் செபி எடுத்துவிட்டது. இருந்தவர்கள் 2019 மார்ச் 31க்குள் ஏபியாகவோ உறுப்பினராகவோ மாறவேண்டியிருந்தது. ஆகவே இன்று யாராவது உங்களுக்கு "சப் புரோக்கர் லைசென்ஸ் வாங்கித் தருகிறேன்" என்றால், அவர் சட்டத்தைப் படிக்கவில்லை, அல்லது உங்களைப் படித்துவிட்டார்.

ஏபி ஆக பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். ஒரு எக்ஸ்சேஞ்சில் ஒரு புரோக்கரிடம் மட்டுமே ஏபியாக இருக்கலாம். விண்ணப்பம் புரோக்கர் வழியாகப் போகும், எக்ஸ்சேஞ்ச் அனுமதி தரும். அனுமதி வந்தபின் எக்ஸ்சேஞ்சின் இணையதளத்தில் உங்கள் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். அங்கே பெயர் இல்லையென்றால் நீங்கள் இன்னும் ஏபி ஆகவில்லை, புரோக்கர் என்ன கடிதம் கொடுத்திருந்தாலும் சரி.

டெர்மினலில் உட்கார்ந்து ஆர்டர் போடும் ஆளுக்கு, செபி நிறுவிய பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் தரும் சான்றிதழ் வேண்டும். ஃப்யூச்சர், ஆப்ஷன் என்று பங்கின் வருங்கால விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்தங்கள் பக்கம் போவதானால் அதில் சீரிஸ் எட்டு தேர்வு. முழு உறுப்பினர் வாசலுக்கு நிகர மதிப்பு, வைப்புத்தொகை, கம்ப்ளையன்ஸ் அதிகாரி, சிஸ்டம் ஆடிட் என்று பட்டியல் நீளும். முதல் மூன்று வருடம் ஏபியாக இருந்து தொழிலைக் கற்றுக்கொண்டு அப்புறம் அதைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் கருத்து.

லிக்விடிட்டி என்றால் என்ன: பட்டுக்கூடு அங்காடியில் ஒரு காலை

தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போயிருக்கிறீர்களா? விவசாயி கூட்டைக் கொட்டி வைத்திருப்பார். நூற்பாளர்கள் ஒவ்வொருவராக வந்து கையில் எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்து விலை கேட்பார்கள். கேட்பவர்கள் முப்பது பேர் இருந்தால் அடுத்தடுத்த விலைகளுக்கு நடுவே இடைவெளி ரூபாய்க் கணக்கில்கூட இருக்காது. மழை நாளில் மூன்று பேர்தான் வந்தார்கள் என்றால் அதே கூட்டுக்கு விலை தடாலென்று இறங்கும். கூடு மாறவில்லை, வந்த ஆட்கள்தான் குறைந்தார்கள். லிக்விடிட்டி என்பது அந்த ஆட்கள்தான்.

என்எஸ்இ, பிஎஸ்இ இரண்டும் இப்படிப்பட்ட அங்காடிகள். ஒவ்வொன்றிலும் நாடு முழுக்க வரும் ஆர்டர்கள் அதன் ஒரே ஆர்டர் புத்தகத்தில் விழுகின்றன. நல்ல விலை சொன்னவருக்கு முதலிடம், ஒரே விலை சொன்னால் முதலில் வந்தவருக்கு முதலிடம். எந்த புரோக்கரின் ஆப் வழியாக வந்தாலும் புத்தகம் ஒன்றே. ஆகவே "எங்கள் பிளாட்பாரத்தில் லிக்விடிட்டி அதிகம்" என்று பங்குச்சந்தை புரோக்கர் ஒருவர் சொன்னால், தன் பஸ்ஸில் ஏறினால் சந்தையில் தக்காளி அதிகம் கிடைக்கும் என்று சொல்வதைப் போலத்தான்.

ஆனால் பங்குக்குப் பங்கு லிக்விடிட்டி மாறும். இதை முதல் வாரத்திலேயே கையால் கணக்குப் போட்டுப் பழகுங்கள். ஒரு சின்னக் கம்பெனிப் பங்கு, கடைசியாக விற்ற விலை 212 ரூபாய் என்று திரையில் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த விலைக்கு எத்தனை பங்கு காத்திருக்கிறது என்று காட்டும் மார்க்கெட் டெப்த்தைத் திறந்தால் விற்பவர்கள் பக்கம் இப்படி இருக்கிறது: 212.40க்கு 100 பங்கு, 213.10க்கு 60, 215க்கு 200, 217.50க்கு 140. உங்கள் கஸ்டமர் 500 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர், அதாவது கிடைக்கிற விலைக்கு வாங்கும் ஆர்டர், போடச் சொல்கிறார். நான்கு படியும் ஏறித்தான் 500 கிடைக்கும். மொத்தம் 1,07,476 ரூபாய். சராசரி 214.95. திரையில் பார்த்த 212க்கு மேலே, பங்குக்கு ஏறக்குறைய மூன்று ரூபாய். மொத்தத்தில் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்.

இதற்கு ஸ்லிப்பேஜ் என்று பெயர். கஸ்டமர் இதற்குச் சொல்லும் பெயர் 'ஏமாத்திட்டாங்க'. உங்கள் புரோக்கரேஜ் பத்து, இருபது ரூபாய்தான் இருக்கும், ஆனால் திட்டு இந்த ஆயிரத்து நானூறுக்குத்தான் வரும். அதனால் கஸ்டமர் வாயைத் திறக்கும் முன்பே டெப்த்தைத் திறந்து காட்டி, இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று எல்லை வைக்கும் லிமிட் ஆர்டர் போடச் சொல்லுங்கள்.

ஆர்டர் நடக்கும் பாதை

கஸ்டமர் போனில் அழுத்தியது முதலில் புரோக்கரின் ஆர்டர் மேலாண்மை சர்வருக்குப் போகும். அதன் பக்கத்திலேயே ஆர்எம்எஸ் என்று ஒரு காவலாளி. மார்ஜின் என்கிற முன்பணம் இருக்கிறதா, விலை அன்றைய எல்லைக்குள் இருக்கிறதா, இந்தப் பிரிவில் வியாபாரம் செய்ய இந்தக் கஸ்டமருக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பது அதன் வேலை. அங்கே தேறினால் எக்ஸ்சேஞ்சின் வாசலுக்கு, அங்கிருந்து பொருத்தும் இயந்திரத்துக்கு. பொருந்தியதும் அதே வழியாகத் திரும்பி வந்து போன் கிணுகிணுக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து மும்பைக்குச் சாலை வழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆர்டர் போய்த் திரும்ப ஒரு நொடிகூட ஆவதில்லை.

வியாபாரம் முடிந்த நொடியில் கிளியரிங் கார்ப்பரேஷன் நடுவில் வந்து நிற்கும். வாங்கியவருக்கு அதுதான் விற்றவர், விற்றவருக்கு அதுதான் வாங்கியவர். நாக்பூரில் இருக்கும் யாரோ பணம் தராமல் ஓடிவிட்டால்கூட பங்கை விற்ற பர்கூர் கஸ்டமருக்குப் பணம் வந்துசேரும். 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் மறுநாள் பட்டுவாடாதான், டி பிளஸ் ஒன். பங்கு, டெபாசிட்டரி என்கிற மின்னணுப் பங்குக் காப்பகங்களான என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் கணக்கில் வந்து உட்காரும்.

ஆர்டர் தள்ளுபடியானால் எந்த இடத்தில் தள்ளப்பட்டது என்று பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆர்எம்எஸ் தள்ளினால் புரோக்கர் ஆபீஸுக்குப் பேசலாம், மார்ஜின் போட்டு மறுபடி முயலலாம். எக்ஸ்சேஞ்ச் தள்ளினால் பேசிப் பயனில்லை, காரணத்தைப் படித்துத் திருத்தவேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் புரோக்கரின் ஹெல்ப் டெஸ்க்கில் அரைமணி நேரம் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

பிளாட்பாரம், அப்புறம் இணைப்பு

ஏபிக்குப் பிளாட்பாரம் புரோக்கர் கொடுப்பதுதான். சிலர் சொந்தமாகச் செய்திருப்பார்கள், சிலர் ஓடின் போன்ற வெளி மென்பொருளை வாங்கித் தங்கள் பெயரை ஒட்டியிருப்பார்கள். எதுவானாலும் சேரும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். டீலர் திரையில் என் கஸ்டமர்கள் எல்லாருடைய பொசிஷனும், அதாவது இன்னும் முடிக்காத வியாபாரமும், ஒரே இடத்தில் தெரியுமா? பேக் ஆபீஸ் லெட்ஜர் என்கிற வரவு செலவுக் கணக்கு அன்றிரவே புதுப்பிக்கப்படுமா, மறுநாள் மதியமா? செயலி நின்றுபோனால் போனில் ஆர்டர் எடுக்கும் டெஸ்க்கில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் தருகிற புரோக்கரை விட்டுவிடாதீர்கள்.

ஓசூர்ப் பக்கம் ஐடி வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்போது ஏபிஐ கேட்டு வருகிறார்கள். தங்கள் நிரலிலிருந்து நேராக ஆர்டர் அனுப்பவேண்டுமாம். பெரிய புரோக்கர்கள் பலர் தருகிறார்கள். 2025 பிப்ரவரியில் செபி இதற்கு ஒரு சட்டகம் கொண்டுவந்தது. அதன்படி ஏபிஐ ஆர்டர்கள் முன்கூட்டியே பதிவுசெய்த நிலையான ஐபி முகவரியிலிருந்து வரவேண்டும், இரட்டைச் சரிபார்ப்பு வேண்டும், ஆர்டருக்கு அடையாளக் குறி இருக்கவேண்டும். எக்ஸ்சேஞ்சுகள் வைத்த எல்லை நொடிக்குப் பத்து ஆர்டர். அதைத் தாண்டினால் அந்த அல்கோவை, அதாவது தானாக ஆர்டர் போடும் நிரலை, பதிவுசெய்தாகவேண்டும். வீட்டு பிராட்பேண்டில் ஐபி அடிக்கடி மாறும். நிலையான ஐபிக்குத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும், அல்லது வாடகை சர்வரில் ஓட்டவேண்டும்.

இந்த ஏபிஐ வேலையில் நானே கையைச் சுட்டுக்கொண்டேன். மாம்பழ சீசன், வெளியே லாரிச் சத்தம். என் சொந்தக் கணக்குக்காக எழுதிய சின்ன நிரல் ஒன்று ஆர்டர் அனுப்பியது. பதில் வரவில்லை. சில நொடி காத்திருந்து 'டைம் அவுட்' என்று சிவப்பில் காட்டியது. போகவில்லைபோல என்று நினைத்து மறுபடி அனுப்பும்படித்தான் நான் எழுதி வைத்திருந்தேன். அனுப்பியது. ஐந்து நிமிடம் கழித்து ஆர்டர் புத்தகத்தைத் திறந்தால் இரண்டு ஆர்டரும் நிறைவேறி உட்கார்ந்திருந்தன. முதல் ஆர்டர் போய்ச் சேர்ந்திருக்கிறது, அதற்கான பதில்தான் வழியில் தொலைந்திருக்கிறது. ஒரு லாட், அதாவது ஃப்யூச்சர், ஆப்ஷனில் வாங்கும் குறைந்தபட்ச அளவு, வாங்க நினைத்தவன் இரண்டு லாட்டோடு நின்றேன். அன்று சந்தையும் எனக்கு எதிர்த்திசையில் போனது. எவ்வளவு போனது என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே இணைப்பு எழுதுகிற பிள்ளைகளிடம் இதை முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள்: பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பாதே, ஆர்டர் புத்தகத்தைக் கேள். ஒவ்வொரு ஆர்டருக்கும் உன் பக்கத்திலிருந்து ஒரு தனிக் குறி வை, அந்தக் குறி புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் அடுத்த அடி. உள்நுழைவு டோக்கன் பெரும்பாலும் ஒருநாள்தான் உயிரோடிருக்கும். காலை 9 மணிக்கு முன் புதுப்பித்துக்கொள், 9.15க்குச் சந்தை திறந்தபின் தேடாதே. எக்ஸ்சேஞ்சுகள் சனிக்கிழமைகளில் நடத்தும் மாதிரி வியாபாரத்தில் உங்கள் புரோக்கர் கலந்துகொள்கிறாரா என்றும் கேளுங்கள். புதுப் பதிப்பை முதல் தடவையாகத் திங்கட்கிழமைக் காலையில் ஓட்டிப் பார்க்கிறவர் உங்கள் கஸ்டமரை வைத்துப் பரிசோதனை செய்கிறார் என்று அர்த்தம்.

ஓசூர் ஓட்டலில் ஒரு காபி

புதிதாக ஆபீஸ் போட்டவர்களைத் தேடி ஒருவர் கட்டாயம் வருவார். என்னைத் தேடியும் வந்தார், நல்ல கோட்டு, நல்ல ஆங்கிலம். ஓசூரில் ஒரு ஓட்டலுக்குக் கூப்பிட்டுக் காபி வாங்கிக் கொடுத்தார். ஏபி வேலையில் என்ன கிடைக்கும், சொந்த பிராண்டில் ஃபாரெக்ஸ், அதாவது வெளிநாட்டு நாணய, புரோக்கர் ஆகிவிடுங்கள் என்றார். மெட்டாடிரேடர் பிளாட்பாரம் உங்கள் பெயரில், லிக்விடிட்டி எங்களுடையது, பிரிட்ஜ் எங்களுடையது, உரிமம் ஏதோ தீவில்.

"கஸ்டமர் டாலர் வாங்கினா எதிர்ப்பக்கம் யாரு சார்?" என்று கேட்டேன்.

"டயர் ஒன் பேங்க்ஸ் சார்."

"எல்லா ஆர்டரும் பேங்குக்குப் போகுதா?"

காபியை ஒரு வாய் குடித்தார். "சின்ன ஆர்டரை உள்ளேயே வெச்சுக்கலாம் சார். கஸ்டமர் லாஸ் பண்ணா அதுல உங்களுக்கு நாப்பது பர்சென்ட்."

அங்கேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. அந்த உலகத்தில் இரண்டு வழி உண்டு. கஸ்டமரின் ஆர்டரை அப்படியே பிரிட்ஜ் என்ற இணைப்பு மென்பொருள் வழியாக வங்கிகளிடமோ பெரிய நிறுவனங்களிடமோ தள்ளிவிடுவது ஏ புக். தள்ளாமல் தானே எதிர்ப்பக்கம் நின்றுகொள்வது பி புக். பி புக்கில் கஸ்டமரின் நஷ்டம்தான் புரோக்கரின் லாபம். அங்காடியில் முப்பது பேர் ஏலம் கேட்பதற்கும், தோப்புக்கே வந்து தான் ஒருவனே விலை சொல்லுகிற வியாபாரிக்கும் உள்ள வித்தியாசம் இது. அந்த வியாபாரி தராசையும் தானே கொண்டுவருகிறார்.

ஏ புக்காக இருந்தாலும் லிக்விடிட்டி கொடுப்பவர்கள் எப்போதும் நிற்கவேண்டும் என்று கட்டாயமில்லை. 2015 ஜனவரி 15 அன்று சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி, யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று தான் காத்துவந்த அடிமட்டத்தைத் திடீரென்று கைவிட்டது. விலை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிடங்களில் காணாமல் போனார்கள். நஷ்டம் இதோடு நிற்கட்டும் என்று ஸ்டாப் லாஸ் போட்டிருந்த விலையில் வாங்க, விற்க ஆளே இல்லை. பிரிட்டனில் அல்பாரி நிறுவனம் திவாலானது. அமெரிக்காவின் எஃப்எக்ஸ்சிஎம் 30 கோடி டாலர் கடன் வாங்கித்தான் மூச்சு விட்டது.

நம் நாட்டில் இதற்குச் சட்டமே குறுக்கே நிற்கிறது. இந்தியாவில் வசிப்பவர் ஃபாரெக்ஸ் வியாபாரத்தை அங்கீகரிக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சுகளிலோ ரிசர்வ் வங்கி அனுமதித்த மின்னணுத் தளங்களிலோ மட்டுமே செய்யலாம். வெளிநாட்டுத் தளத்துக்கு மார்ஜின் பணம் அனுப்ப, தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வழிசெய்யும் எல்ஆர்எஸ் திட்டத்திலும் இடமில்லை. மீறினால் அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா. அனுமதி இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் 34 பெயர்களோடு வெளியிட்டது. அதன்பிறகு பலமுறை நீட்டியிருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு தளம் அனுமதி பெற்றதாகாது, இதையும் ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. மெட்டாடிரேடர் ஒரு மென்பொருள், அதன்மேல் குற்றம் இல்லை. அதன் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் பேச்சு.

எக்ஸ்சேஞ்சில் டாலர் ஃப்யூச்சர் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் ரூபாய் சம்பந்தப்பட்ட நாணய டெரிவேட்டிவ்களுக்கு (டாலர் ஃப்யூச்சர் போன்றவற்றுக்கு), உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ இருப்பவர்தான் வரவேண்டும் என்பதை ரிசர்வ் வங்கி 2024 இல் அழுத்திச் சொன்னபிறகு, சும்மா ஆடிய கூட்டம் கலைந்துவிட்டது. மாம்பழக் கூழ் ஏற்றுமதி செய்பவரும் ரோஜா அனுப்புபவரும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். டாலரில் பணம் வரவேண்டிய அவர்களுக்கு இது இன்னும் பயன்படும்.

எக்ஸ்சேஞ்சுக்கே போகாமல் நோட்டில் எழுதும் டப்பா டிரேடிங்கும் இதே குடும்பம்தான், செய்தால் ஜெயில் வரை போகும். வேண்டாம்.

கரண்டு, நெட், போன்

மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை நாள் பேப்பரில் வரும். காலை 9 மணி முதல் என்று போட்டிருக்கும், சந்தையும் ஏறக்குறைய அப்போதுதான் திறக்கிறது. யுபிஎஸ் என்று அரைமணி நேரம் தாங்கும் பெட்டியை வாங்கிவைத்து ஏமாறாதீர்கள், முழுப் பகலும் தாங்கும் இன்வெர்ட்டர் போடுங்கள். நெட்டுக்கு இரண்டு கம்பெனி இணைப்பு வேண்டும், அதுவும் வேறு வேறு கம்பத்திலிருந்து. நான் இரண்டு கம்பெனியில் வாங்கியிருந்தேன். இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் போயிருந்தன. சாலை வேலைக்கு வந்த பொக்லைன் ஒரே வாயில் இரண்டையும் கடித்தது. இப்போது இரண்டாவது இணைப்பு மொபைல் ரவுட்டர்.

எக்ஸ்சேஞ்சே நின்றுபோவதும் உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று காலை 11.40 வாக்கில் என்எஸ்இ நின்று, மாலை 3.45க்கு மறுபடி திறந்து 5 மணி வரை நடந்தது. அன்று பல புரோக்கர்கள் வழக்கமான நேரக் கணக்கில் பொசிஷன்களை பிஎஸ்இயில் முடித்துவிட்டார்கள், பிறகு என்எஸ்இ திறந்தபோது கஸ்டமர்கள் கொதித்தார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் உங்கள் புரோக்கர் என்ன செய்வார் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

போனில் ஆர்டர் எடுத்தால் அந்த அழைப்பு பதிவாகவேண்டும். கஸ்டமர்தான் ஆர்டர் கொடுத்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று 2018 இலேயே செபி சொல்லிவிட்டது. "மாமா, நீயே பாத்து ஏதாவது போட்டு வுடு" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். போடாதீர்கள். லாபம் வந்தால் அவர் திறமை, நஷ்டம் வந்தால் கல்யாணப் பந்தியில் உங்கள் பேச்சு.

பணம் உங்கள் கைக்கு வரக்கூடாது

ஏபியின் கணக்கில் கஸ்டமர் பணம் ஒரு ரூபாய்கூட விழக்கூடாது, பங்கும் வரக்கூடாது. ரொக்கம் கூடவே கூடாது. மாங்காய் விற்ற பணத்தை மஞ்சள் பையில் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள், அன்பாகத்தான். எதிரில் இருக்கும் பேங்கைக் காட்டுங்கள். கஸ்டமரின் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து புரோக்கரின் கணக்குக்கு நேராகப் போகவேண்டும். 2025 அக்டோபர் முதல் புரோக்கர்களுக்கு '@valid' என்ற அடையாளம் கொண்ட தனி யுபிஐ முகவரி வந்திருக்கிறது. அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள்.

கூடவே இன்னொன்றையும் ஒட்டுங்கள்: ஃப்யூச்சர், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டம் கண்டார்கள் என்று 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு. வருமானம் குறையும் என்று என் புரோக்கரின் மேலாளர் முகம் சுளித்தார். ஒட்டித்தான் வைத்திருக்கிறேன்.

திறப்பு விழாவுக்கு முன்

சொந்தக் கணக்கில் ஒரே ஒரு பங்கு வாங்குங்கள், லிமிட் ஆர்டரில். ஆர்டர் எண், நிறைவேறிய நேரம், வியாபார எண் மூன்றையும் காகிதத்தில் குறியுங்கள். இரவு அன்றைய வியாபார விவரம் அடங்கிய காண்ட்ராக்ட் நோட் மின்னஞ்சலில் வரும், அதிலிருக்கும் எண்கள் உங்கள் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். லெட்ஜரில் கழிந்த தொகையைக் கட்டணம், வரி என்று பிரித்துப் பைசா வரை கணக்குப் போடுங்கள். அடுத்த வேலை நாளில் டீமேட் கணக்கைத் திறங்கள், புரோக்கரின் ஆப்பில் இல்லை, டெபாசிட்டரியின் தளத்திலேயே. அந்த ஒரு பங்கு அங்கே வந்து உட்கார்ந்திருந்தால், கீழே ஃபிளெக்ஸ் கடைக்காரரிடம் போர்டு அடிக்கச் சொல்லலாம்.